இமை மட்டும்

நல்லாத் தூங்குனீங்கம்மா. விருதுநகர்ல வடை விக்கிறவன் கத்துன கத்துக்குப் ரயில் பெட்டியே முழிச்சிருச்சு, நீங்க அசையல. நானும் எழுப்பல. திருநெல்வேலிதான போறீங்க, அதுக்கு இன்னும் எம்புட்டோ நேரம் இருக்கு. இந்தாங்க, கடலைமிட்டாய் எடுத்துக்கங்க. பிரிக்காத பாக்கெட்டு. எங்க ஊருச் சரக்கு. சங்கடப்படாம எடுங்க, ஒரு வீட்டுக்கு வாங்கிட்டுப் போனது, அங்க வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க. அந்தப் போர்வைக்குள்ள இருக்கது கண்ணாடி போட்ட படம். ஒரு அம்மா படம். இல்ல, எங்கம்மா இல்ல. எங்கம்மாவுக்குக்கூட நான் இம்புட்டு நல்லாச் செஞ்சதில்ல.

உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கட்டுமா. நீங்க வெளியாளு. என்னையும் தெரியாது, அவுகளையும் தெரியாது. வெளியாளுட்டக் கேட்டாத்தான் நாயம் நேராக் கெடைக்கும்.

நான் கோவில்பட்டியில ஸ்டுடியோ வச்சிருக்கேன். சுப்பாராஜ். மு. சுப்பாராஜ். முப்பது வருசமா இதான் தொழிலு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைசு, அதெல்லாம் எல்லாரும் எடுக்குறதுதான். எனக்குன்னு ஒரு வேலை உண்டு. கண்ணு தொறக்குறது.

ஆஸ்பத்திரிக் கண்ணு இல்லம்மா, சொல்றேன். கிராமத்துல பெரியாளுக செத்துப்போறாக. உசுரோட இருக்கையில ஒரு படம் எடுத்து வச்சிருக்க மாட்டாக. வாய் தொறக்காம தாடையைச் சேத்து நாடிக்கட்டுக் கட்டி, நெத்தியில காசு வச்சு, நாற்காலியில சாச்சு உக்கார வச்ச பெறகுதான் மக்கமாருக்கு ஞாபகம் வரும், ஆத்தாளுக்கு ஒரு படம் இல்லையேன்னு. எனக்குப் போன் வரும். மேளக்காரன் வந்து சேர்றதுக்குள்ள நான் போயிருவேன். எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டர்ல உக்காந்து, நெத்திக் காசை எடுத்து, நாடிக்கட்டை அழிச்சு, மூக்குப் பஞ்சை எடுத்து, கன்னத்துல கொஞ்சம் ரத்த ஓட்டம் குடுத்து, கடைசியாக் கண்ணைத் தொறந்து குடுப்பேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் சுவத்துல ஏறும்போது ஆத்தா எல்லாரையும் பாத்துக்கிட்டு இருப்பா.

மத்தவனும் செய்றான், இல்லங்கல. கம்ப்யூட்டர்ல ரெடிமேடாக் கெடைக்கிற கண்ணை எடுத்து ஒட்டுவான். வெள்ளைக்காரி கண்ணு, சினிமாக்காரி கண்ணு. ஆத்தா முழிக்கிற முழியில பேரப்பிள்ளைக அந்தப் பக்கமே போகாது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். நான் வைக்கிறது நம்ம ஊரு மனுசக் கண்ணு.

யாரு கண்ணுன்னு கேக்குறீங்களா. எங்க வீட்ல இருக்கவளோடதுதான். உலகம்மான்னு பேரு. கல்யாணமான புதுசுல லைட்டு சரிபாக்க அவளைத்தான் உக்கார வைப்பேன். அப்பப் பிலிம்ல எடுத்தது நூறு படத்துக்கு மேல கெடக்கு, மேல பாக்குறது, கீழ பாக்குறது, ஓரமாப் பாக்குறது. நல்ல கண்ணும்மா அவளுக்கு. சாந்தமா இருக்கும். கண்ணுக்கு வயசு கெடையாது, சுத்தி இருக்க தோலுக்குத்தான் வயசு, அதை நம்ம சுருக்கிக்கிடலாம். கோவில்பட்டி சுத்து வட்டாரத்துல முப்பது நாப்பது வீட்ல மாலை போட்டு இருக்கது அவ கண்ணுதான். அவகிட்டச் சொன்னதில்ல. எதுக்குச் சொல்லணும், என் பொண்டாட்டி, நான் எடுத்த படம்.

சரி, கதைக்கு வர்றேன். எட்டயபுரம் போற ரோட்டுல ஒரு ஊரு. வெள்ளத்தாய்னு ஒரு அம்மா. தீப்பெட்டி ஆபீசுல குச்சிக்கு மருந்து முக்குற வேலை. அறுபது வயசு இருக்கும். ஒரு நாள் மத்தியானம் வேலை பாத்துக்கிட்டே சாஞ்சுட்டாக. புருசன் எப்பவோ போயிட்டாரு. ஒரே மக, மாரீஸ்வரி. அந்தப் பிள்ளை அப்பத் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுல மூணு வருசக் காண்ட்ராக்டுல இருந்துச்சு. நடுவுல வெளிய விட மாட்டாக. தகவல் போய், அவுக விட்டு, பஸ் பிடிச்சு இது வந்து சேர, மண்ணு தள்ளி முடிஞ்சிருச்சு. சித்திரை வெயிலு, வச்சிருக்க முடியல. ஆத்தா முகத்தை அந்தப் பிள்ளை பாக்கல.

தாய்மாமன்தான் என்னைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னவரு. வாக்காளர் அட்டையில ஒரு படம் இருந்துச்சு, கரியாக் கெடந்துச்சு, ஆணா பொண்ணான்னே தெரியல. அது போக அந்த அம்மாவுக்கு உலகத்துல படம்னு ஒண்ணு கெடையாது.

பதினாறாம் நாளு நானே படத்தைக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளை முன்னால உக்காந்தது எந்திரிக்கல. "அம்மா என்னையே பாக்குதுண்ணே"ன்னுச்சு. நான் வச்ச கண்ணு அப்படி. பெறகு இடது கண்ணுகிட்ட விரலை வச்சுக் கேட்டுச்சு. "வெள்ளை முழியில காவியா ஒரு புள்ளி தெரியுதேண்ணே. இது அம்மாவுக்குக் கெடையாதே. நான் மில்லுக்குப் போன பெறகு மருந்து கிருந்து தெறிச்சிருச்சா? போன்ல எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

அது உலகம்மா புள்ளி. பொறவியிலேயே உண்டு அவளுக்கு. எல்லாப் படத்துலயும் அதை அழிச்சிட்டுத்தான் வைப்பேன், இதுல அவசரத்துல விட்டுப்போச்சு. நான் என்ன சொல்ல, எழவு வீடு. "இருக்கும்மா"ன்னேன். அதுக்கு அந்தப் பிள்ளை ஒரு அழுகை அழுதுச்சு, ஆத்தா கண்ணுல பட்டு வலிச்சப்ப ஊதிவிடக்கூட நான் இல்லையேன்னு. நல்ல படம்னா பாக்குறவுகளுக்கு அழுகை வரணும். எங்க தொழில்ல அதுதான் அளவு.

இது நடந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. அந்தப் பிள்ளை பெறகு திருமங்கலத்துல வாக்கப்பட்டு, படத்தையும் அங்க கொண்டுபோயிருச்சு. தையக் கம்பெனியில வேலை. காலையில வெளக்கு ஏத்தி, "போயிட்டு வர்றேம்மா"ன்னு படத்துக்கிட்டச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போகுமாம். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு ஒரு போன் பண்ணும். அப்படி ஒரு பாசம்.

இப்பத்தான் விசயம். எட்டு வருசம் முன்னால ஒருத்தன் சொன்னான், வெளிநாட்டுக்காரன் வலைத்தளம் ஒண்ணு இருக்கு, நல்ல படமா ஏத்தி வச்சா உலகத்துல எவனும் காசு கட்டி எடுத்துக்கிடுவான், படத்துக்குக் கீழ நம்ம பேரு வரும்னு. காசு எனக்குப் பெருசில்லம்மா. பேரு வரும்னான் பாருங்க, அங்கதான் விழுந்தேன். முப்பது வருசமா ஊரான் வீட்டுச் சுவத்துல என் படம் தொங்குது, ஒண்ணுலயாவது என் பேரு உண்டா? எல்லாரும் ஆத்தாளைத்தான் பாப்பான். எடுத்தவனை எவன் பாத்தான்.

நாப்பது படம் ஏத்துனேன். வெள்ளத்தாயும் அதுல ஒண்ணு. 'கிராமத்து மூதாட்டி'ன்னு தலைப்புக் குடுத்தேன். அதுல ஒரு படிவம் கேப்பான், படத்துல இருக்க ஆளு சம்மதம்னு கையெழுத்துப் போடணும்னு. செத்தவுக எப்படிம்மா கையெழுத்துப் போடுவாக? நானே போட்டேன். உசுரோட இருக்கவுகளுக்கும் நானேதான் போட்டேன். காட்டுவேலை பாக்குறவுகட்டப் போய் இங்கிலீசுப் படிவத்தை நீட்டுனா பயந்துற மாட்டாகளா. ஒரு வருசம் ஓடுச்சு. பெறகு என்ன நெனச்சானோ, நாப்பது கையெழுத்தும் ஒரே கையா இருக்குன்னு சொல்லி என் கணக்கையே மூடிட்டான். ஏத்துன படம் பூரா போச்சு. அந்த வருசமே ஸ்டுடியோவுல ஹார்ட் டிஸ்க்கும் எரிஞ்சுச்சு. கண்ணு தொறக்குறதுக்கு முந்தி எடுத்த மூலப்படம் எல்லாம் அதோட காலி. வெள்ளத்தாய்க்குன்னு மிச்சம் இருந்தது மாரீஸ்வரி வீட்டுல இருக்க இந்த ஒண்ணுதான். அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

போன மே மாசம் அந்தப் பிள்ளைட்டருந்து போன். மூச்சு வாங்கப் பேசுது. "அண்ணே, அம்மா புஸ்தகத்துல வந்திருக்குண்ணே. அட்டையில. பஸ் ஸ்டாண்டுக் கடையில கிளிப்பு மாட்டித் தொங்குது, வரிசையா எட்டு அம்மா. நீங்கதான் குடுத்தீங்களாண்ணே?"

ஓடிப்போய் வாங்குனேன். வாரப்பத்திரிகை. பேரு சொல்ல மாட்டேன், நான் கேட்ட வக்கீல் சொல்லக் கூடாதுன்னுருக்காரு. அன்னையர் தினச் சிறப்பிதழ். அட்டை முழுக்க என் வெள்ளத்தாய். 'இந்தக் கண்களைப் பாருங்கள்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். உள்ள ஒருத்தன் அந்தக் கண்ணைப் பத்தி ஒரு பக்கத்துக்குக் கவிதை எழுதிருக்கான், அந்தப் புள்ளியைக்கூட விடல, அடுப்புப் பொறி பட்ட தழும்பாம். சரி, ரசிச்சிருக்கான். கீழ ஓரத்துல எறும்பு எழுத்துல என்ன போட்டிருந்தான்னு நெனைக்கிறீங்க. 'படம்: இணையம்.'

இணையம்னா யாரும்மா? இணையத்துக்குக் கேமரா இருக்கா, கை இருக்கா, எழவு வீட்ல ஊதுபத்திப் பொகையில நின்னு எடுத்துச்சா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அடுத்தவன் சொத்தை அள்ளி அட்டையில பூசிக்கிடுறது. கேக்காம எடுக்கலாமா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டா என்ன? உங்க பொருளு, எடுத்துக்கிடட்டுமான்னு கேட்டா நாக்கு அறுந்தா போகும்? நீங்களே சொல்லுங்க.

மாரீஸ்வரிட்ட அப்பவே சொன்னேன், திருடிட்டான்மா, நான் விடப் போறதில்லன்னு. அது என்ன சொல்லுச்சு தெரியுமா. "விட்டுருங்கண்ணே. எங்கம்மா அந்தத் தீப்பெட்டி ஆபீசைத் தாண்டி எங்கயும் போனதில்ல. இப்ப ஊரு ஊராத் தொங்குது. நாலு பேரு நல்ல கண்ணுன்னு சொல்றாங்கள்ல, எனக்கு அது போதும்ணே"ன்னுச்சு. அதுக்குப் போதும். அது பேரா போச்சு, என் பேருல்ல போச்சு.

மதுரையில அவுக ஆபீசுக்கு நேராப் போயிட்டேன். பொறுப்பாசிரியர்னு ஒருத்தரு, சின்ன வயசுதான். மரியாதையாத்தான் பேசுனாரு. ஆனா பேச்சு எப்படி? "சார், இந்தப் படம் ஆயிரம் இடத்துல கெடக்கு. வாட்ஸ்அப்ல வருது, காலை வணக்கம்னு போட்டு வருது. ஏற்கெனவே ரெண்டு பேரு நான் எடுத்ததுன்னு போன் பண்ணிட்டாங்க, ஒருத்தர் எங்க அத்தைன்னாரு. உங்க படம்னா மூலப்படம் கொண்டாங்க, பேரைப் போட்டுருவோம்"ங்கிறாரு. மூலப்படம் எங்கருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாகன்னு எனக்கு ஆத்திரம். திரும்பிப் படியிறங்கப் போனவன், சுவத்துல அந்த அட்டையைப் பெருசா ஒட்டிருந்தாக, அதைப் பாக்குறேன். இடது கண்ணுல அந்தப் புள்ளி. ஆண்டவனாப் பாத்து மறக்க வச்சிருக்கான்னு தோணுச்சு.

போனைத் தொறந்து, அதுல ஏத்தி வச்சிருந்த உலகம்மாவோட அந்தப் பழைய ஸ்டுடியோப் படத்தை எடுத்து நீட்டுனேன். "இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒண்ணான்னு பாருங்க. அட்டையில இருக்கது அந்த அம்மா கண்ணே இல்ல சார், என் சம்சாரம் கண்ணு. வச்சவன் நான்"னேன். டிசைன் பண்ற ஆளைக் கூப்பிட்டாரு. ரெண்டு படத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்குனாங்க. புள்ளி, அதுக்குப் பக்கத்துல ஓடுற சின்ன நரம்பு, கருமுழியில விழுந்திருக்க என் ஸ்டுடியோ சன்னலு, எல்லாம் அச்சடிச்ச கணக்கா இருக்கு.

பெறகு எனக்கு டீ சொன்னாரு. எப்படிச் சார் செஞ்சீங்க, அந்த அம்மா பேரு என்ன, எப்ப எடுத்தது, அவுக வீட்ல தெரியுமா, எல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாரு. நானும் ஒண்ணு விடாமச் சொன்னேன், நாடிக்கட்டை எப்படி அழிச்சேன், இமையை எந்த இடத்துல வெட்டுனேன், கண்ணுல ஈரம் எப்படிக் குடுத்தேன்னு. முப்பது வருசத்துல என் வேலையைப் பத்தி ஒருத்தர் உக்கார வச்சுக் கேட்டது அன்னைக்குத்தாம்மா. பஸ்சுல வரும்போது சன்னல்ல பாத்துக்கிட்டே அழுதேன். பொய் சொல்லல.

போன வியாழக்கிழமை இதழ் வந்துச்சு. நாலாம் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டிருந்தாக. எனக்கு மனப்பாடம். 'அன்னையர் தினச் சிறப்பிதழின் அட்டைப்படத்தை எடுத்தவர் கோவில்பட்டி சுப்பாராஜ். படத்திலிருப்பவர் மறைந்த வெள்ளத்தாய். இறந்த பின் எடுக்கப்பட்ட இப்படத்தில் உள்ள கண்கள் அவருடையவை அல்ல, தம் மனைவியின் கண்களைப் பொருத்தியதாகச் சுப்பாராஜ் தெரிவித்துள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.' இனிசியலை விட்டுட்டான். மு. சுப்பாராஜ்னு சொல்லித்தான் குடுத்தேன். ஊர்ல இன்னொரு சுப்பாராஜ் இருக்கான், சைக்கிள் கடை. போகட்டும், பேரு வந்துச்சுல்ல.

உலகம்மா அன்னைக்கே படிச்சுட்டா. பக்கத்து வீட்டுக்காரி கொண்டாந்து காட்டிருக்கா. சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்டா, "இந்த ஒரு அம்மாவுக்கு மட்டுமா?" நான் ஒளிக்கல, முப்பது நாப்பது இருக்கும்னேன். "எல்லாம் செத்தவுகளுக்கா?" ஆமான்னேன். அதுலருந்து என் முகத்தைப் பாக்க மாட்டேங்குறா. சோறு வைப்பா, துணி மடிப்பா, எல்லாம் தலை கவுந்தபடியே. கண்ணாடி முன்னால நின்னு பொட்டு வைக்கிறதில்ல, தடவிப் பாத்து வைக்கிறா. பார்வை மங்குதோ என்னவோ. வயசாகுதுல்ல. அடுத்த வாரம் கண் டாக்டர்ட்டக் காட்டணும்.

இன்னைக்குக் காலையில இதழை எடுத்துக்கிட்டு, கடலைமிட்டாயும் வாங்கிக்கிட்டுத் திருமங்கலம் போனேன். எனக்கு யாருட்டச் சொல்லிச் சந்தோசப்படணும்னா மாரீஸ்வரிட்டத்தான். அது எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், அதனால நானே வாசிச்சுக் காட்டுனேன். நல்லாச் சத்தமா வாசிச்சேன்.

அது எந்திரிச்சுப் போய்ப் படத்துக்கு முன்னால நின்னுச்சு. காலையில ஏத்துன வெளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு. படத்தைப் பாத்துக்கிட்டே, "கண்ணைத் தொறந்து குடுத்தேன்னுதானண்ணே சொன்னீங்க"ன்னுச்சு.

ஆமாம்மா, அதைத்தான் போட்டிருக்கான்னேன்.

"மூடி இருந்த கண்ணைத் தொறந்து குடுத்தீங்கன்னுல்ல நான் நெனச்சேன். அதுக்கு மிசின் இருக்கும், அதுல போட்டா இமை தொறந்து உள்ள இருக்க கண்ணு தெரியும், அது அம்மா கண்ணுன்னு நெனச்சேன்."

அப்படியெல்லாம் மிசின் கெடையாதும்மான்னு சிரிச்சேன். தொழில் தெரியாதவுகளுக்குப் பொறுமையாத்தான் சொல்லணும். எப்படி வெட்டுறது, எப்படி ஒட்டுறதுன்னு அதுக்கும் எடுத்துச் சொன்னேன். பாதியில நிறுத்திருச்சு. "அந்தப் புள்ளி?"

"அது எங்க வீட்ல இருக்கவளுக்குப் பொறவியிலேயே உண்டும்மா."

"அந்தப் புள்ளிக்காக நான் எத்தனை நாளு அழுதிருக்கேன்னு தெரியுமாண்ணே. மருந்து பட்டு வலியோட வேலைக்குப் போயிருக்கும், பாவின்னு நான் அங்க இருந்தேன்னு." அதைச் சொல்லும்போது அழுகல. அதான் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னுச்சு. என்னம்மான்னேன். "எங்கம்மா கண்ணை நெனச்சுப் பாக்குறேன். வர மாட்டேங்குது. எப்படி மூடுனாலும் உங்க வீட்டம்மா கண்ணுதான் வருது. பன்னெண்டு வருசமா அவுகளத்தானண்ணே பாத்திருக்கேன்."

அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. திருடுனவன் எவனோ, அவனைப் பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்திருக்கேன். இந்தப் பத்திரிகைக்காரன் கைய வைக்காம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. வெளக்கு பாட்டுக்கு எரிஞ்சிருக்கும், அந்தப் பிள்ளையும் போயிட்டு வர்றேம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்கும். இதைச் சொன்னேன்.

வெளக்கைக் கையால அமத்திட்டுப் படத்தை இறக்குச்சு. அதுவே அது போத்துற போர்வையை எடுத்துச் சுத்துச்சு, கண்ணாடி ஒடையக் கூடாதுன்னு மூலையில துணி வேற வச்சு. குணமான பிள்ளைம்மா. எங்கையில குடுத்து, "அவுக கண்ணை அவுகட்டக் குடுத்துருங்கண்ணே"ன்னுச்சு. மேல இந்த மிட்டாய்ப் பாக்கெட்டையும் வச்சுருச்சு. நான் செருப்பை மாட்டையில பின்னாலயே வந்து கேட்டுச்சு. "நீங்க மொதல்ல எடுத்தது இருக்கும்ல, கண்ணு மூடுன படம். நாடிக்கட்டு, காசு, எல்லாத்தோடயும் இருக்கட்டும். அதை மட்டும் குடுங்கண்ணே. அந்த மூடுன கண்ணாவது எங்கம்மாவோடது. மண்ணுல வைக்கும்போது நான் பாக்காதது. அதைப் பாத்துக்கிட்டு இருந்துருவேன்."

வாசல்ல நின்னு அப்படிக் கேக்குது. டிஸ்க் எரிஞ்சுபோச்சுன்னு எந்த வாயால சொல்ல? ஒரு வாரத்துல கொண்டாந்து தர்றேம்மான்னு சொல்லிட்டேன். முகத்துல அப்பத்தான் கொஞ்சம் உசுரு வந்துச்சு. சொல்லிட்டா நான் செய்யாம விட மாட்டேன், முப்பது வருசத்துல ஒருத்தர் என்னை அப்படிச் சொல்ல முடியாது.

நள்ளி தாண்டிருச்சு. அடுத்தது நம்ம ஊருதான். நாயம் கேட்டேனே, நீங்க ஒண்ணும் சொல்லலையே. மிட்டாயும் கையிலயே வச்சிருக்கீங்க.

இந்த முகம் இருக்கு. நாடிக்கட்டை வரைஞ்சிரலாம், நெத்திக் காசும் வச்சுரலாம், பஞ்சு ஒரு பெரிய விசயமில்ல. கண்ணுதான். மூடணும். ரெடிமேடு இமையை ஒட்ட எனக்கு மனசு வராது. நம்ம ஊரு இமை வேணும். அறுபது அறுபத்தஞ்சு வயசு, உழைச்ச முகம், இமையில அந்தச் சுருக்கம், ஓரத்துல கொஞ்சம் கருப்பு. இறுக்கி மூடிருந்தா ஆகாது, நடிப்புத் தெரிஞ்சுரும். உக்கார வச்சுக் கண்ணை மூடுங்கன்னா அது வராதும்மா. பாரம் இல்லாமத் தன்னால மூடிருக்கணும். திருமங்கலத்துல ஏறுனதுலருந்து இதே யோசனைதான், எங்க போய்த் தேடுறதுன்னு.

கள்ளிக்குடி தாண்டவும் நீங்க சன்னல்ல தலையைச் சாச்சீங்கள்ல. வெளிச்சமும் எடப்பக்கமிருந்து விழுந்துச்சு, அன்னைக்கு வெள்ளத்தாய்க்கு விழுந்த மாதிரியே. போன்லதான் எடுத்தேன். ரெண்டே படம்.

ஏம்மா, எதுக்குச் சங்கடப்படுறீங்க. முகமே வராது. இமை மட்டும்தான். உங்க மகளே பாத்தாலும் அடையாளம் தெரியாது. அழிக்கிறதாவது, இதைப் போய் அழிப்பாகளா, தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு உபகாரம். காலையில எந்திரிச்சு உங்களுக்குத்தான் வெளக்கு ஏத்தும், உங்களுக்குத்தான் சொல்லிட்டு வேலைக்குப் போகும். உசுரோட இருக்கையிலேயே இது யாருக்குக் கெடைக்கும். அதுக்குத் தெரியவா போகுது. போனை எதுக்குப் பிடிச்சு இழுக்குறீங்க, விடுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க.

கோவில்பட்டி வந்துருச்சு. நகருங்க, படத்துல இடிச்சுராதீங்க. பாக்கெட்டை நீங்களே வச்சிக்கங்க, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும்.

இம்புட்டு நேரம் பேசியிருக்கோம், உங்க பேரைக் கேக்கவே இல்ல பாருங்க. சரி, விடுங்க. பேரு எதுக்கு.